விதியை மீறிய காலேஜ் ஃபுட்பால் அணியிடமிருந்து பட்டத்தைப் பறிக்கலாமா? (மிச்சிகன் 2023, யுஎஸ்சி 2004)

கணக்கப்பிள்ளை:

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் விசாரணைக் குழு 2025 ஆகஸ்ட் 15-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி மீதான வழக்கை முடித்துவைத்தது. எதிரணிகள் ஆடும் மைதானங்களுக்கு ஆள் அனுப்பி, சைட்லைனில் (மைதான ஓரத்தில்) நின்று அடுத்த ப்ளே, அதாவது அடுத்த நகர்வு, என்ன என்று வீரர்களுக்குச் சொல்லக் கோச்கள் காட்டும் சைகைகளைக் கைபேசியில் படம்பிடித்த வழக்கு அது. கானர் ஸ்டாலியன்ஸ் என்ற ஊழியர் நடத்திய வேலை. 2021, 2022, 2023 என மூன்று சீசன், 13 எதிரணிகள், 50 தடவைக்கு மேல்.

தண்டனை: 4 ஆண்டு கண்காணிப்பு. 50,000 டாலர், அதோடு ஃபுட்பால் பட்ஜெட்டில் 10 சதவீதம். 2025, 2026 சீசன்களின் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்), ப்ளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான சுற்று) ஆட்டங்களில் வரக்கூடிய வருமானத்துக்கு ஈடான தொகை. எல்லாம் சேர்த்து 2 கோடி டாலரைத் தாண்டும் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஸ்டாலியன்ஸுக்கு 8 ஆண்டு, முன்னாள் ஹெட் கோச் ஜிம் ஹார்பாவுக்கு 10 ஆண்டு ‘ஷோ காஸ்’. அதாவது அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி அவர்களை வேலைக்கு எடுக்க நினைத்தாலும் என்சிஏஏ முன்னால் போய்க் காரணம் சொல்ல வேண்டும். 2023 தேசியப் பட்டத்தின் மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஏட்டில் 15-0 (15 வெற்றி, தோல்வி இல்லை) அப்படியே இருக்கிறது.

பக்கத்தில் யுஎஸ்சி-யை (தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்) வைத்துப் பாருங்கள். அதன் நட்சத்திர வீரர் ரெஜ்ஜி புஷ்ஷும் அவர் குடும்பமும், அவருக்கு ஏஜென்ட் ஆக நினைத்தவர்களிடம் பணமும் வாடகையில்லா வீடும் வாங்கினார்கள். 2004 டிசம்பரிலிருந்தே அவர் ஆடத் தகுதியற்றவர் என்று 2010 ஜூனில் தீர்ப்பு வந்தது. 14 வெற்றிகள் ரத்து, 2 ஆண்டு பவுல் தடை, 30 ஸ்காலர்ஷிப் இழப்பு. மறுவருடம், அந்நாளில் தேசியப் பட்டப் போட்டியை நடத்திய பிசிஎஸ் அமைப்பு 2004 பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

அந்த வீட்டில் குடியிருந்ததால் புஷ் ஒரு கஜம்கூடக் கூடுதலாக ஓடவில்லை. ஆனால் எதிரணியின் சைகை தெரிந்தால் டிஃபென்ஸ் (தடுத்தாடும் பக்கம்) முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்கும். ஆட்டத்தைத் தொடாத குற்றத்துக்குப் பட்டம் போயிற்று. தொட்ட குற்றத்துக்குப் பணம் கட்டினால் போதும் என்கிறார்கள். விதிமீறல் களத்துக்குள் வந்துவிட்டால் பட்டம் போக வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

மஞ்சள்_நீலம்:

மறுக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். எதிரணியின் சைகையைப் படிப்பது குற்றமே இல்லை. ஆட்டத்தன்று எதிர் சைட்லைனைப் பார்த்துக் கண்டுபிடித்தால் யாரும் கேட்க முடியாது. டிவி ஒளிபரப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் அப்படித்தான். எல்லா அணியிலும் அதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். தடை இருப்பது இரண்டு விஷயத்துக்கு: அதே சீசனில் மோதப்போகும் எதிரணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்புவது, கருவி வைத்துச் சைகையைப் பதிவுசெய்வது. முதல் தடை 1994-ல் வந்தது. ஆள் அனுப்பக் காசில்லாத கல்லூரிகள் பின்தங்கக் கூடாது என்பதற்காக வைத்த சிக்கன விதி அது.

அடுத்து 2023 சீசனை ஆட்டம் ஆட்டமாக எண்ணிப் பாருங்கள். ஸ்டாலியன்ஸை அக்டோபர் 20-ல் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கு முன் ஆடியது 7 ஆட்டம், பின்னால் ஆடியது 8. அந்த எட்டு: மிச்சிகன் ஸ்டேட் 49-0, பர்டூ 41-13, பென் ஸ்டேட் 24-15, மேரிலாண்ட் 31-24, ஒஹாயோ ஸ்டேட் 30-24, பிக் டென் (மிச்சிகன் ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதியில் அயோவா 26-0, ரோஸ் பவுலில் அலபாமா 27-20, கடைசியில் வாஷிங்டன் 34-13. கடினமான ஆட்டம் அத்தனையும் இந்தப் பக்கம்தான். பென் ஸ்டேட், மேரிலாண்ட், ஒஹாயோ ஸ்டேட் மூன்றிலும் ஹார்பாவே சைட்லைனில் இல்லை, பிக் டென் தடை போட்டிருந்தது. பென் ஸ்டேட் ஆட்டத்தில் தொடர்ந்து 32 ரன் ப்ளே (பந்தை எறியாமல் ஏந்தி ஓடுவது) ஓடினார்கள். எதிரணியின் சைகை தெரிந்தால் உங்கள் டிஃபென்ஸுக்கு லாபம். உங்கள் அஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் பக்கத்தின் முன்வரிசை) எதிராளியைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பக்கை_பாலா:

“சிக்கன விதி” என்று சொல்லிச் சின்ன விஷயமாக்கப் பார்க்கிறீர்கள். நேரில் ஆள் அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

டிவி கேமரா பந்தின் பின்னால் போகும். ப்ளேவுக்கு முன்னால் சைட்லைனில் நிற்கும் சைகைக்காரரை எப்போதாவது ஒரு விநாடி காட்டினால் அதிர்ஷ்டம். அணிகள் முறைப்படி பரிமாறிக்கொள்ளும் ஃபிலிமில் 22 வீரர்களும் தெரிவார்கள், சைகை தெரியாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆள் தேவை. எதிரணியின் சைட்லைனுக்கு நேர் எதிர்ப்பக்கம், கொஞ்சம் உயரத்தில் ஒரு சீட். ஒவ்வொரு ப்ளேவுக்கும் முன்னால் சைகைக்காரரை மட்டும் கைபேசியில் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எத்தனையாவது டவுன் (முயற்சி), எத்தனை கஜம், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் என்பதை வைத்து முறையான ஃபிலிமோடு பொருத்த வேண்டும். ஒரு ஆட்டத்தில் 60, 70 ப்ளே கிடைக்கும். இரண்டு மூன்று ஆட்டம் பொருத்திவிட்டால் எந்தச் சைகைக்கு எந்த ப்ளே என்ற அட்டவணை கையில் இருக்கும். அந்த வீடியோக்களுக்கு ஸ்டாலியன்ஸ் வைத்த பெயரே “அழுக்கு ஃபிலிம்”. ஆள் அனுப்பும் வலைக்கு “கேஜிபி” என்று பெயர். செய்வது என்ன என்று தெரியாமல் யாரும் இப்படிப் பெயர் வைப்பதில்லை.

ஆட்டத்தன்று அவர் நின்றது டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (டிஃபென்ஸை நடத்தும் துணைக் கோச்) பக்கத்தில். 40 விநாடி கடிகாரத்தில் அஃபென்ஸ் சைகை காட்டி முடித்த பிறகும் பந்து நகரச் சில விநாடி இருக்கும். ரன்னா பாஸா என்று மட்டும் தெரிந்தால் போதும். பின்வரிசையை ஏற்றலாமா இறக்கலாமா, எந்தப் பக்கத்திலிருந்து பிளிட்ஸ் (பந்தை எறிபவர் மேல் கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பலாம் என்று மாற்றிக்கொள்ள அந்தச் சில விநாடி தாராளம்.

“ஸ்டாலியன்ஸ் போன பிறகும் 8 ஆட்டம் ஜெயித்தோம்” என்கிறீர்கள். முதல் 7-ல் ஒன்று தோற்றிருந்தால் கடைசி இரண்டுக்குப் போகும் வாய்ப்பு எப்படி இருந்திருக்கும்? அந்த வருடம் ப்ளேஆஃபில் நாலே இடம். 13-0 ஃப்ளோரிடா ஸ்டேட்டையே வெளியே நிறுத்தினார்கள்.

மஞ்சள்_நீலம்:

அந்த முதல் 7 ஆட்டத்தின் பட்டியலைப் பாருங்கள்: ஈஸ்ட் கரோலைனா, யுஎன்எல்வி, பவுலிங் க்ரீன், ரட்கர்ஸ், நெப்ராஸ்கா, மினசோட்டா, இண்டியானா. இதில் எந்த ஆட்டம் சைகைத் திருட்டு இல்லாமல் தோற்றிருக்கும் என்று சொல்லுங்கள். எல்லாமே பெரிய வித்தியாசம்.

அட்டவணை கையில் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் நடப்பு தெரியாத பேச்சு. பல அணிகள் மூன்று பேரை நிறுத்திச் சைகை காட்டுகின்றன. ஒருவருடையது மட்டும் உண்மை, அந்த ஒருவர் யார் என்பதும் ஆட்டத்தின் நடுவில் மாறும். படப்பலகை, மணிக்கட்டில் எண் பட்டை என்று வேறு வழிகளும் உண்டு. 2022 ஃபியஸ்டா பவுலில் டிசியு அணிக்கு விஷயம் முன்பே தெரிந்து, போலிச் சைகை கலந்து காட்டியதாகச் செய்தி வந்தது. 51-45, தோற்றது மிச்சிகன். பழைய அட்டவணையை நம்பி நிற்கிற டிஃபென்ஸ், அட்டவணையே இல்லாத டிஃபென்ஸைவிட மோசமாக அடிவாங்கும்.

சுண்டல்:

பாலா சொல்வதைப் படித்தால் நல்ல பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸில் யாராவது விசாரித்தார்களா?

விதிப்புத்தகம்:

இருவரும் “சைகைத் திருட்டால் ஜெயித்தார்களா” என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழு அந்தக் கேள்விக்கே போகவில்லை. போகத் தேவையும் இல்லை.

என்சிஏஏ நடைமுறையில் வெற்றியை ரத்துசெய்வதற்கான அடிப்படை ஒன்றுதான்: தகுதியிழந்த வீரர் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். யுஎஸ்சி-யில் புஷ் தகுதியிழந்தவர். ஒஹாயோ ஸ்டேட் 2010-ல் நினைவுப்பொருளைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டவர்கள் தகுதியிழந்தவர்கள். நோட்ர டாம் 2012, 2013-ல் மாணவ உதவியாளர் ஒருவர் வீரர்களுக்குப் பாடக் கட்டுரை எழுதிக் கொடுத்தார், 21 வெற்றி போயிற்று. டென்னசியில் கோச் ஜெரமி ப்ரூயிட் காலத்தில் 11 வெற்றி போயிற்று. இவற்றில் எதிலும் “இதனால்தான் ஜெயித்தார்களா” என்று கேட்கவில்லை. மிச்சிகன் வழக்கில் தகுதியிழந்த வீரர் ஒருவரும் இல்லை. செய்தவர்கள் எல்லோரும் ஊழியர்களும் கோச்களும். ஆகவே அந்தக் கதவு திறக்கவே இல்லை. தீர்ப்பு வந்த அன்று குழுத் தலைவர் நார்மன் பே சொன்ன விளக்கமும் இதே சாரம்தான்.

விதியின் வரைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வட கரோலைனா நல்ல சாட்சி. 18 வருடம் வகுப்பே நடக்காத பாடங்கள், 3,100 மாணவர்கள். 2017-ல் குழு கைவிரித்தது. வீரர்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா மாணவர்களுக்கும் அந்தப் பாடம் திறந்திருந்ததால் அது ‘கூடுதல் சலுகை’ ஆகவில்லை. பாஸ்கெட்பால் பட்டங்கள் பத்திரமாக இருக்கின்றன. கட்டுரை எழுதிக் கொடுத்த நோட்ர டாம் ஏட்டில் வெற்றியை இழந்தது. பாடத்தையே போலியாக்கியவர்கள் தப்பினார்கள்.

இன்னொன்று. ஃபுட்பால் மேல்நிலைப் பிரிவின் தேசியப் பட்டம் என்சிஏஏ-வுக்குச் சொந்தமில்லை. அது தருவதுமில்லை. பாஸ்கெட்பால் போட்டியை நடத்துவது அதுவே, அதனால் 2018-ல் லூயிவில் அணியின் 2013 பட்டத்தை நேரடியாக எடுக்க முடிந்தது. ஃபுட்பாலில் முன்பு பிசிஎஸ், 2014 சீசனிலிருந்து ப்ளேஆஃப் அமைப்பு. அதை நடத்துவது கான்ஃபரன்ஸ்களும் நோட்ர டாமும். என்சிஏஏ வெற்றியை ரத்துசெய்யலாம், கோப்பையைக் கேட்க முடியாது. யுஎஸ்சி விஷயத்தில் மேல்முறையீடு 2011 மே கடைசியில் தோற்றது, ஜூன் 6-ல் பிசிஎஸ் தனியாகக் கூடித்தான் பட்டத்தை எடுத்தது. அப்போதும் ஏபி செய்தி நிறுவனம் நடத்தும் பத்திரிகையாளர் வாக்கெடுப்பு தன் பட்டத்தை எடுக்கவில்லை. 2004-க்கு ஏபி சாம்பியன் இன்றும் யுஎஸ்சி-தான்.

கணக்கப்பிள்ளை:

நடைமுறையை விளக்கியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது இன்றைய நிலை. நான் கேட்டது எப்படி இருக்க வேண்டும் என்று. தகுதியிழந்த வீரர் ஆடினால் ஆட்டம் செல்லாது, தகுதியிழந்த முறையில் ஆட்டத்துக்குத் தயாரானால் செல்லும் என்பதற்கு என்ன நியாயம்? ஒரு வீரரின் தகுதி காகிதத்தில் இருக்கும் விஷயம். சைகை அட்டவணை கோஆர்டினேட்டரின் கையில் இருக்கும் விஷயம்.

புஷ் கதையின் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர். 2024 ஏப்ரலில் ஹைஸ்மன் கோப்பையை (ஆண்டின் சிறந்த காலேஜ் வீரருக்கான விருது) புஷ்ஷிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மேல் சுமத்திய குற்றத்தில் பெரும்பகுதி இன்று சட்டப்படி நடக்கும் வியாபாரம். களத்துக்கு வெளியே உள்ள குற்றம் காலத்தோடு கரைந்துவிடும். எதிரணி மைதானத்துக்குக் கேமராவோடு ஆள் அனுப்புவது நாளைக்குச் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வீர்களா?

மஞ்சள்_நீலம்:

சொல்வேன், ஏனென்றால் பாதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. 2024 சீசனிலிருந்து மேல்நிலைப் பிரிவில் ஹெல்மெட் ரேடியோ வந்துவிட்டது. அஃபென்ஸில் ஒருவர், டிஃபென்ஸில் ஒருவர், ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி. கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இல் 1994-லிருந்தே குவாட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து அஃபென்ஸை நடத்துபவர்) இது உண்டு. காலேஜ்காரர்கள் 30 வருடம் தூங்கிவிட்டு, திருட்டு நடந்த பிறகு பூட்டு வாங்கினார்கள்.

பக்கை_பாலா:

ரேடியோ ஒருவருக்குத்தான் கேட்கும். ஹடில் (ப்ளேவுக்கு முன் கூடிப் பேசுவது) இல்லாமல் வேகமாக ஆடும் அணியில் மற்றப் பத்துப் பேரும் இன்னும் சைட்லைனைத்தான் பார்க்கிறார்கள். படப்பலகை எங்கும் போகவில்லை. பூட்டு வந்ததால் பழைய திருட்டு மறைந்துவிடாது என்பது தனி.

பனங்காய்:

பறிக்கோணும், பறிக்கக்கூடாது எண்டு சண்டை பிடிக்கிறியள். பறிச்சாப் பிறகு ஏட்டில என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை.

காலேஜ் ஃபுட்பாலில ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு, ஜெயிச்ச ஆட்டத்தைத் தோல்வியாக்கி எதிராளிக்கு வெற்றி குடுக்கிறது. மற்றது, வெற்றியை மட்டும் அழிக்கிறது. இப்ப நடக்கிறது ரெண்டாவது. வெற்றி அழியும், தோல்வி நிக்கும், எதிராளிக்கு ஒண்டும் கிடையாது. யுஎஸ்சி 2005-ல 12 வெற்றி, ரோஸ் பவுலில டெக்சாஸிட்ட 41-38 எண்டு ஒரு தோல்வி. இப்ப ஏட்டில 0-1. ஒஹாயோ ஸ்டேட் 2010-ம் அப்பிடித்தான், 12-1 ஆக இருந்தது 0-1 ஆகிட்டுது. அவையள் அந்த வருசம் ஒரு ஆட்டம் மட்டும் ஆடி அதிலயும் தோத்த மாதிரி. பாலா, அந்த ஷுகர் பவுலில 31-26 எண்டு தோத்த ஆர்கன்சாவுக்கு என்ன கிடைச்சது? அந்தத் தோல்வி இண்டைக்கும் அவையின்ர கணக்கில கிடக்கு.

பட்டமும் அப்பிடித்தான். பிசிஎஸ் 2004-ஐ எடுத்து ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. இறுதியாட்டத்தில 55-19 எண்டு அடிவாங்கின ஓக்லஹோமாவுக்குக் குடுக்கேலுமே? 13-0 ஆக நிண்டும் இறுதிக்குக் கூப்பிடாத ஆபர்னுக்கும் குடுக்கேல்லை. கடைசியா 2025-ல ஆபர்ன் தானே 2004-ஐத் தன்ர பட்டியலில எழுதிக்கொண்டுது. காலி நாற்காலி எண்டா ஆரெண்டாலும் வந்து குந்துவினம்.

லூயிவில் பாஸ்கெட்பால் வீரர்கள் வழக்குப் போட்டவை. 2019-ல சமரசம். தனிப்பட்ட புள்ளிவிவரமும் விருதும் திரும்பி வந்தது, பட்டம் வரேல்லை. அதாவது 2013 இறுதியாட்டத்தின்ர சிறந்த வீரர் இருக்கிறார், அவர் ஜெயிச்ச பட்டம் இல்லை. இதுக்குப் பேர் தண்டனையோ?

பக்கை_பாலா:

ஒஹாயோ ஸ்டேட்டை இழுத்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் 12 வெற்றியை எடுத்தார்கள், சரி என்று வாங்கிக்கொண்டோம். அதோடு நிற்கவில்லை. 2012-ல் பவுல் தடை. அந்த வருடம் கோச் அர்பன் மேயரின் முதல் சீசன், 12-0, பிக் டென் இறுதிக்கும் போக முடியவில்லை, தேசியப் பட்டத்துக்கும் போட்டியில்லை. சில நூறு டாலர் பச்சைக்கும் நினைவுப்பொருளுக்கும் இந்த விலை. மூன்று சீசன் ஒளித்துப் படம்பிடித்தவர்களுக்குச் செக் புத்தகம்.

அந்தச் செக்கையும் அளந்து பாருங்கள். கணக்கப்பிள்ளை சொன்ன 2.05 கோடி உச்சவரம்பு இருக்கிறதே, ஒரு கல்லூரி ஒரே வருடத்தில் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய தொகை, கிட்டத்தட்ட அதுதான் மிச்சிகன் கட்டும் அபராதமும். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரும் மைதானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தேசியப் பட்டத்தின் விலை இது என்றால், அடுத்த கோச் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு “கட்டிவிடலாம்” என்பார்.

மஞ்சள்_நீலம்:

2012 தடையை 2011-ல் வாங்கியிருக்கலாம். அந்த வருடம் 6-6-ல் நின்றுகொண்டு கேட்டர் பவுலுக்குப் போனது உங்கள் நிர்வாகத்தின் முடிவு. என்சிஏஏ தலையில் கட்டாதீர்கள்.

நெறியாளர்:

மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பங்காளிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பொருளைப் பேசுங்கள்.

விதிப்புத்தகம்:

பாலாவின் அபராத வாதத்துக்குப் பதில் தீர்ப்பிலேயே இருக்கிறது. பல வருட பவுல் தடைக்குத் தகுதியான குற்றம்தான் என்று குழுவே எழுதியிருக்கிறது. பிறகு, செய்தவர்களில் பலர் போய்விட்டார்கள், இப்போது ஆடும் பிள்ளைகள் மேல் அதைப் போடுவது நியாயமில்லை என்று சொல்லித் தடையைப் பணமாக மாற்றியது. 2022-ல் என்சிஏஏ தன் அமைப்பு விதியைத் திருத்தியபோது, குற்றத்தில் பங்கில்லாத வீரர்களைத் தண்டனை முடிந்தவரை தொடக்கூடாது என்று சேர்த்தது. டென்னசிக்கு 80 லட்சம் டாலர் அபராதம் போட்டுப் பவுல் தடையைத் தவிர்த்ததும் அந்த வழியில்தான்.

பழைய முறை எப்படி இருந்தது என்பதற்கு 2011 யுஎஸ்சி. புஷ் போய் 5 சீசன் ஆகிவிட்டது, கோச் பீட் கேரல் சியாட்டிலின் என்எஃப்எல் அணியில். தடையை அனுபவித்தது அவர்களைத் தெரியாத ஒரு அணி. அந்த வருடம் 10-2, யுசிஎல்ஏ-வை 50-0 என்று அடித்தார்கள். பேக்-12 இறுதியாட்டத்துக்குப் போனது யாரென்றால் அந்த 50-0 வாங்கிய யுசிஎல்ஏ, 6-6 கணக்கோடு. ஆரிகனிடம் 49-31 தோற்றது. தண்டனை குற்றவாளியைத் தவிர மற்ற எல்லோரையும் தொட்டது.

இந்த இடத்தில் நான் கணக்கப்பிள்ளை பக்கம் சாய்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இன்றைய வீரர்களைத் தொடாமல், குற்றம் நடந்த அதே அணியை மட்டும் தொடுகிற ஒரே தண்டனை பட்டத்தை எடுப்பதுதான். பவுல் தடையும் ஸ்காலர்ஷிப் வெட்டும் எதிர்காலத்தின் மேல் விழும். அபராதம் பல்கலைக்கழகத்தின் மேல் விழும். பட்டம் 2023-இன் மேல் மட்டும் விழும்.

மஞ்சள்_நீலம்:

2023 அணியில் 100-க்கு மேற்பட்ட வீரர்கள். அவர்களில் யார் மைதானத்துக்கு ஆள் அனுப்பினார்கள்? பங்கில்லாத வீரர்களைத் தொடக்கூடாது என்று நீங்களே இப்போதுதான் சொன்னீர்கள்.

விதிப்புத்தகம்:

தொடக்கூடாது என்பது “முடிந்தவரை”. ஒரு வருடம் ஆடவிடாமல் தடுப்பதும், ஆடி முடித்ததற்குப் பக்கத்தில் ஏட்டில் ஒரு குறி போடுவதும் ஒரே எடை இல்லை. லூயிவில் சமரசத்தை இதற்கு முன்மாதிரியாக வைக்கலாம்: வீரரின் புள்ளிவிவரம், விருது, மோதிரம் அவருக்கே. பல்கலைக்கழகம் கொடி ஏற்றவோ, விளம்பரத்தில் “தேசிய சாம்பியன்” என்று போடவோ, கோச் அதை வைத்து போனஸ் வாங்கவோ கூடாது.

பனங்காய்:

போனஸ் எண்டு சொன்னியள் பாருங்கோ, அதுதான் விஷயம். ஹார்பா 2024 ஜனவரியில சார்ஜர்ஸுக்குப் போட்டார். கேரல் 2010 ஜனவரியில சீஹாக்ஸுக்குப் போட்டார். என்எஃப்எல்-க்கு ஷோ காஸ் கட்டுப்படுத்தாது. ஹார்பாவின்ர 10 வருசம் தொடங்கிறதே 2028 ஆகஸ்டிலதான், ஏனெண்டால் ஆள்சேர்ப்பு விதிமீறலுக்கு வாங்கின 4 வருசம் அப்பதான் முடியுது. 2038 மட்டும் காலேஜுக்கு வரேலாது எண்டுறது அவருக்கு என்ன நோகப்போகுது? பட்டத்தை விடுங்கோ. கோச்சின்ர ஒப்பந்தத்தில ஒரு வரி போடட்டும்: அவர் காலத்து உச்ச நிலை விதிமீறல் நிரூபிக்கப்பட்டால், அவர் எந்த லீக்கில இருந்தாலும் பட்ட போனஸைத் திருப்பிக் கட்டோணும் எண்டு. என்சிஏஏ-வுக்கு அவரில அதிகாரம் தேவையில்லை, ஒப்பந்தம் போதும்.

கணக்கப்பிள்ளை:

ஒப்பந்த வரி நல்ல யோசனை. ஆனால் எழுத வேண்டியது யார்? பல்கலைக்கழகம். அந்தக் கோச்சை எப்படியாவது பிடித்துவைக்கத் துடிக்கும் அதே பல்கலைக்கழகம். போட்டி போடும் இன்னொரு கல்லூரி அந்த வரி இல்லாமல் ஒப்பந்தம் நீட்டினால் கதை முடிந்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டாயமாக்கினால்தான் ஓடும்.

என் கேள்வி வேறு. ஏன் 22 மாதம்? விசாரணை 2023 அக்டோபரில் வெளியே தெரிந்தது. இறுதியாட்டம் 2024 ஜனவரி 8. தீர்ப்பு 2025 ஆகஸ்ட். பட்டம் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தால் பறிக்கும் பேச்சே வராது.

விதிப்புத்தகம்:

நிறுத்திவைக்க முயன்ற ஒரே அமைப்பு பிக் டென். நன்னடத்தை விதியை வைத்து 2023 நவம்பர் 10-ல், பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஹார்பாவுக்கு 3 ஆட்டத் தடை போட்டது. மிச்சிகன் உடனே இடைக்காலத் தடை கேட்டு நீதிமன்றம் போனது. விசாரணைக்கு முந்தைய நாள் வழக்கைத் திரும்பப் பெற்றுத் தண்டனையை ஏற்றுக்கொண்டது. ஒரு கோச்சை மூன்று சனிக்கிழமை உட்கார வைக்கவே இந்தப் பாடு. அணியையே ப்ளேஆஃபிலிருந்து நிறுத்தினால் எத்தனை நீதிமன்றம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என்சிஏஏ பாதை இன்னும் மெதுவானது. குற்றச்சாட்டுக் கடிதம், பதிலுக்கு 90 நாள், குழு விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. சாட்சியை வரவழைக்கவோ ஆவணத்தைக் கைப்பற்றவோ அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஸ்டாலியன்ஸ் தன் கைபேசியைக் குளத்தில் வீசியதாகக் குழுவின் அறிக்கை சொல்கிறது. பிறகு ஹெட் கோச் ஆன ஷெரோன் மூர், ஸ்டாலியன்ஸோடு பேசிய 52 குறுஞ்செய்திகளை அழித்தார். அவை பின்னர் மீட்கப்பட்டன. இப்படி ஒத்துழையாமை நடக்கும் வழக்கை ப்ளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் டிசம்பர் முதல் ஞாயிறுக்குள் முடிக்க முடியாது.

பக்கை_பாலா:

அப்படியானால் ஒத்துழையாமைக்குத்தான் பட்டம் போக வேண்டும். ஆதாரத்தை அழித்தால், “சைகையால் ஜெயித்தார்களா” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போவதற்கு அழித்தவரே காரணம். அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்குப் போகக் கூடாது. சிவில் வழக்கில் ஆவணத்தை அழித்தவருக்கு எதிராக ஊகம் செய்யலாம். அதே விதியை இங்கே வைக்கட்டும்.

மஞ்சள்_நீலம்:

இந்த இழையில் நான் ஓரளவு ஏற்கக்கூடிய முதல் வாதம் இது. ஆனால் அதற்கும் எல்லை வேண்டும். ஊழியர் தன் சொந்தக் கைபேசியைத் தானே வீசினால் பல்கலைக்கழகம் எப்படிப் பொறுப்பு? ஹெட் கோச், தடகள இயக்குநர் மட்டத்தில் அழித்தால் மட்டும் என்று வையுங்கள், பேசலாம். 2023-ல் மூர் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கை_பாலா:

ஹார்பா தடையில் இருந்த அந்த மூன்று ஆட்டத்திலும் பொறுப்பு ஹெட் கோச் அவர்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேசியப் பட்டம் ப்ளேஆஃப் அமைப்புடையது, சரி. 2021, 2022, 2023 பிக் டென் பட்டங்கள்? அவை பிக் டென் சொத்து. அங்கே தகுதியிழந்த வீரர் என்ற கதவு தேவையில்லையே, நன்னடத்தை விதி போதுமே?

விதிப்புத்தகம்:

விதி போதும், மனசு இல்லை. தீர்ப்புக்கு முன்பே கமிஷனர் டோனி பெட்டிட்டி, 2023-ல் போட்ட தடையே போதும், மேலும் தண்டனை வேண்டாம் என்று விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். ஆகவே அந்த வழியில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மிச்சம் இருப்பது ப்ளேஆஃப் அமைப்பு. அங்கே விதி எழுதுவதென்றால் என் வரைவு இது: போட்டித் தயாரிப்பைத் தொடும் உச்ச நிலை விதிமீறல் நிரூபிக்கப்பட்டு, மேல்முறையீடும் முடிந்து, மூத்த நிர்வாகத்தில் யாராவது ஆதாரத்தை அழித்ததும் உறுதியானால், அந்த சீசனின் பட்டம் காலியாக அறிவிக்கப்படும், வேறு யாருக்கும் போகாது, வீரர்களின் விருதுகள் நிற்கும். விதி வந்த நாளிலிருந்து முன்னோக்கி மட்டும். மிச்சிகன் 2023-க்கு அது பொருந்தாது, பாலா மன்னிக்க வேண்டும்.

மஞ்சள்_நீலம்:

“மூத்த நிர்வாகம்” என்பதில் கோஆர்டினேட்டர் உண்டா இல்லையா? அதை எழுதாவிட்டால் முதல் வழக்கே அதன் மேல்தான் வரும்.

விதிப்புத்தகம்:

உண்டு. இரண்டு கோஆர்டினேட்டரும், அவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஊழியரும். ஸ்டாலியன்ஸ் மாதிரியானவர்களைப் பதவிப் பெயரை மாற்றி வெளியே வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடைசி வரி.